புகைபோக்கியும் பொறுப்பும்

கிராமங்களில் புகையில்லா அடுப்பு அமைக்கும் பணியைப்பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையோடு முடிவடைகின்றன. இத்தனை வீடுகளில் இத்தனை அடுப்புகள் அமைக்கப்பட்டன என்பதே அந்த எண்ணிக்கை. அமைக்கப்பட்ட அடுப்பு ஓராண்டு கழித்து எந்நிலையில் இருக்கிறது, புகை புகைபோக்கியின் வழியே வெளியேறுகிறதா அல்லது அடுப்பின் வாய்வழியே திரும்பி வந்து சமைப்பவரின் முகத்தில் அடிக்கிறதா என்பதை அவை அரிதாகவே கூறுகின்றன. விறகடுப்பைப் பொறுத்தவரையில், அமைத்த நாளைக் காட்டிலும் அதற்குப் பின்வரும் நாட்களே முக்கியமானவை. துப்புரவு செய்யப்படாத புகைபோக்கியுடன் நிற்கும் அடுப்பு, அமைக்கப்படாத அடுப்புக்குச் சமம். களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்வுண்மையைத் தங்கள் பணிக்கு அடிப்படையாகக் கொள்ளுதல் வேண்டும்.

எரிவாயு வந்துவிட்ட இக்காலத்தில் விறகடுப்பைப்பற்றிப் பேசுவானேன் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தின்கீழ்ப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டுள்ளன. சமையலறைப் புகையை ஒழிப்பதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை. எனினும், 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்திய குடும்பங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 59 மட்டுமே. எரிவாயு உள்ள வீடுகளிலும் வெந்நீர் காய்ச்சவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குத் தீனி வேகவைக்கவும், மலைப்பிரதேசங்களில் குளிர்காயவும் விறகு எரிகின்றது. உருளை தீர்ந்து, அடுத்ததற்குப் பணம் சேரும்வரையில், பல வீடுகளில் பழைய அடுப்பே கை கொடுக்கின்றது. எரியும் அடுப்பு எரிகின்ற வரையில் அதனால் தீங்கு நேராமல் காப்பது கடமையாகும்.

தீங்கின் அளவு சிறியதன்று. வீட்டினுள் எழும் புகையின் காரணமாக 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குழந்தைகளுக்கு வரும் நிமோனியாவும், முதியோரை வாட்டும் நாட்பட்ட நுரையீரல் நோயும், மாரடைப்பும் இக்கணக்கில் அடங்கும். அடுப்பருகே அதிக நேரம் இருப்பவர்கள் தாய்மாரும், அவர்தம் இடுப்பிலும் மடியிலும் இருக்கும் குழந்தைகளுமே என்பதை விளக்க வேண்டுவதில்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. ஆயினும், செவ்வையாக எரியும் நெருப்பில் புகை மிகக் குறைவு என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. விறகு சூடேறும்போது அதன் எடையில் முக்கால் பங்கிற்கும் மேலானது ஆவியாகப் பிரிகின்றது. போதிய காற்றும் போதிய வெப்பமும் கிடைத்தால் அந்த ஆவி சுடராக எரிந்து வெப்பம் தருகின்றது. கிடைக்காவிடில் புகையாக வெளியேறுகின்றது. ஆதலின் புகை என்பது எரியாமல் வீணாகும் விறகே ஆகும். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அத்தகைய ஒரு கிலோ விறகிலுள்ள நீரை ஆவியாக்குவதற்கே, அவ்விறகு தரக்கூடிய வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு செலவாகிவிடுகின்றது. அதனினும் பெரிய கேடு யாதெனில், அந்நீராவி சுடரைக் குளிரச்செய்து புகையைப் பெருக்குவதாகும். புகையைக் குறைக்கும் முதற் கருவி, மழையில் நனையாமல் உலர்ந்த விறகே.

இந்நாட்டில் இத்துறையில் நிகழ்ந்த முயற்சிகள் பழமையானவை. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, 1950-களிலேயே, மண்ணால் கட்டிப் புகைபோக்கி இணைத்த பல கண் அடுப்பொன்றை வகுத்து, அதைப்பற்றி நூலும் எழுதினார். தமிழ்நாட்டு இல்லங்களில் வழங்கும் கொடியடுப்பைப்போல, ஒரே நெருப்பு ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களைச் சூடாக்கும் முறையே அதிலும் பயன்பட்டது. 1974-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தொடங்கப்பட்ட ‘அஸ்த்ரா’ என்னும் கிராமத் தொழில்நுட்பப் பிரிவு, ‘அஸ்த்ரா ஒலே’ என்ற அடுப்பை உருவாக்கியது. ஒலே என்பது கன்னடத்தில் அடுப்பைக் குறிக்கும் சொல். 1980-களின் முற்பகுதியில் தொடங்கி 2002-இல் முடிவுற்ற தேசியச் சீர்திருத்த அடுப்புத் திட்டத்தின்கீழ் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன.

மூன்று கோடி என்பது மாபெரும் எண்ணிக்கை. ஆயினும், அவ்வடுப்புகளுள் பல சில ஆண்டுகளுக்குள்ளேயே பயனற்றுப்போயின. இதன் காரணத்தைத் தெளிவாகக் காட்டுவது ஒடிஸா மாநிலத்தில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியாகும். ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். புகைபோக்கியுள்ள மண்ணடுப்பு கிடைத்த முதலாண்டில், சமைப்பவர்கள் உட்கொண்ட புகை குறைந்தது. பின்வந்த ஆண்டுகளில் அந்நன்மை மறைந்துவிட்டது. உடல்நலத்திலோ விறகுச் செலவிலோ மாறுதல் காணப்படவில்லை. அடுப்புகள் ஒழுங்காகப் பயன்படுத்தப்படவுமில்லை, பழுதுபார்க்கப்படவுமில்லை, நாளடைவில் கைவிடப்பட்டன.

இம்முடிவைக் கண்டு, கிராமத்துப் பெண்கள் புதியதை ஏற்கமாட்டார்கள் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. வீட்டின் பெரிய பானை அடுப்பின் கண்ணில் பொருந்தவில்லையெனில், அவள் கண்ணை உடைத்து அகலப்படுத்துகிறாள். விறகைப் பிளக்க ஆளில்லையெனில், முழுக்கட்டையை நுழைக்க வாயை இடித்துவிடுகிறாள். கரி அடைத்த குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யும் முறையை ஒருவரும் காட்டவில்லையெனில், அடுப்பையே புறக்கணிக்கிறாள். இவற்றில் அறியாமை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. அறியத் தவறியவர்கள், அவளுடைய பானையின் வாயையும் விறகின் நீளத்தையும் அளந்து பாராமல் அடுப்பைக் கட்டிச் சென்றவர்களே.

புகைபோக்கி அடைபடுவதன் விளைவை ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டலாம். 10 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் திறப்பு ஏறத்தாழ 78 சதுர சென்டிமீட்டர். சுற்றிலும் 2 சென்டிமீட்டர் கனத்திற்குக் கரி படிந்தால் விட்டம் 6 சென்டிமீட்டராகக் குறையும். அப்பொழுது திறப்பு 28 சதுர சென்டிமீட்டர் மட்டுமே. அதாவது, முன்னிருந்ததில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேல். பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் படிவு, புகையின் பாதையில் பெரும் பகுதியை அடைத்துவிடுகின்றது. மேலும், ஈர விறகின் புகையிலிருந்து தாரைப்போன்ற பொருளொன்று குழாயில் ஒட்டிக்கொள்கின்றது. அது தீப்பற்றக்கூடியது. கூரைவேய்ந்த வீட்டில் குழாயினுள் தீப்பிடித்தால் அதன் விளைவைக் கூற வேண்டியதில்லை.

எனவே, அடுப்பை அமைக்கும்போதே கவனிக்கவேண்டியவை சில உண்டு. காற்று நேரே வீசி நெருப்பை அலைக்கும் வாசலுக்கு எதிரே அடுப்பு இருத்தல் ஆகாது; ஆயினும் எரிவதற்கான காற்று உள்ளே வரச் சன்னலோ திறப்போ இருந்தாக வேண்டும். அடுப்பின்முன் உள்ள தரை மண்ணாகவோ கல்லாகவோ சிமெண்டாகவோ இருத்தல் நலம். தகரக் குழாயும் இரும்பு அடுப்பும் மரம், மூங்கில், ஓலை முதலியவற்றிற்குக் குறைந்தது 45 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கவேண்டும். கூரையைக் குழாய் கடக்குமிடத்தில் ஓலையை வெட்டி அகற்றி, அகன்ற தகட்டினைப் பொருத்தி, இடைவெளி விடவேண்டும். கூரைவேய்ந்த வீட்டில், குழாயை மண்சுவரின் வழியே வெளிக்கொணர்ந்து, கூரைவிளிம்பிற்கு அப்பால் உயர்த்துவது இன்னும் பாதுகாப்பானது. குழாயின் வாய் கூரைக்குமேல் மூன்றடியேனும் உயர்ந்து, மழைநீர் புகாவண்ணம் மூடியுடன் விளங்க வேண்டும். வளைவுகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவிற்கு இழுப்பு நன்றாயிருக்கும். வளைவு தவிர்க்க முடியாததாயின், அவ்விடத்தில் கரியை வெளியே எடுப்பதற்குத் திறக்கும் மூடியொன்று இன்றியமையாதது. பழைய கல்நார் சிமெண்டுக் குழாய்களை அறுப்பதும் அராவுவதும் கூடா. அவற்றின் தூசு நுரையீரலுக்குக் கொடியது.

அடுப்பைக் கையாளும் முறையும் அதேயளவு முக்கியமானது. விறகு விரற்கனத்திற்கோ மணிக்கட்டுக் கனத்திற்கோ பிளக்கப்பட்டு, மழை படாத இடத்தில் பல மாதங்கள் உலர்ந்திருத்தல் வேண்டும். அடுப்பின் வாயை விறகால் முழுவதும் அடைத்துவிடாமல், சிறிது சிறிதாக உள்ளே தள்ளி எரிப்பதே சரி. பானை ஏற்றாத கண்ணை மூடிவைத்தல் வேண்டும். திறந்த கண்ணின் வழியே புகையும் வெளிவரும், இழுப்பும் குன்றும். தீ மூட்டுவதற்கு மண்ணெண்ணெயை ஊற்றுவதும், பிளாஸ்டிக் பைகளையும் வர்ணம் பூசிய மரத்தையும் எரிப்பதும் அறவே தவிர்க்கவேண்டியவை. தொங்கும் முந்தானையும் தவழும் குழந்தையும் அடுப்பை அணுகாவண்ணம் மேடையோ தடுப்போ அமைத்தல் வேண்டும். சாம்பலில் மறைந்த தணல் மறுநாள்வரையிலும் உயிருடன் இருக்கக்கூடும். ஆதலால் சாம்பலை மூடியுள்ள உலோகப் பாத்திரத்திலேயே எடுத்து வைக்கவேண்டும்.

குளிர்நிலப் பகுதிகளுக்கு மற்றோர் எச்சரிக்கை தேவை. காஷ்மீரத்திலும் இமயமலைச் சரிவுகளிலும் வட இந்தியச் சமவெளியிலும் குளிர்காலத்தில் மூடிய அறையினுள் தணல் நிறைந்த சட்டியை வைத்துக்கொண்டு உறங்கியோர் மறுநாள் எழாமற்போன செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவே இதற்குக் காரணம். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான பற்றுடன் அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு சேர்ந்துகொள்கின்றது. புகை தெரியாத தணலில் ஆபத்தில்லை என்ற எண்ணம் உயிரைப் பறிக்கும் தவறாகும். உறங்கச் செல்லுமுன் தணற்சட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். புகைபோக்கியுள்ள அடுப்பாயினும், நெருப்பு அடங்கும்வரை அதன் தடுப்புத் தகட்டை முழுவதும் மூடலாகாது.

இவையனைத்தும் செய்தபின்னும் மிகையான உறுதி எதையும் அளித்துவிடக் கூடாது. புகைபோக்கி புகையை அழிப்பதில்லை, வெளியேற்றுகிறது. வெளியேறிய புகையில் ஒரு பகுதி தெருவிலும் அண்டை வீட்டிலும் புகுகின்றது. நுண்துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் விதித்த ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். மண்ணால் கட்டிய விறகடுப்பு எதுவும் ஒரு சமையலறையை அந்நிலைக்குக் கொண்டுவந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எரிவாயுவிற்கோ மின்சாரத்திற்கோ மாறக்கூடிய குடும்பத்தை விறகடுப்பில் நிறுத்திவைக்க இப்பணி ஒரு சாக்காகிவிடலாகாது. மாறும்வரையில் கண்ணெரிச்சலையும் இருமலையும் தீ விபத்தையும் குறைப்பதே இதன் எல்லை. அவ்வெல்லைக்குள் இது செய்யத்தக்க நற்பணியே.

அதைச் செய்வதற்கான வழி கடினமானதன்று. புகைபோக்கியை மாதம் ஒருமுறையேனும், ஈர விறகு எரியும் மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடியும், துப்புரவு செய்தல் வேண்டும். அடுப்பு முற்றும் குளிர்ந்தபின், நீண்ட கழியின் நுனியில் கந்தலோ தென்னை நாரோ கட்டித் துடைத்தால் போதும். வெடித்த பூச்சினைச் சாணமும் களிமண்ணும் கலந்து அன்றன்றே மெழுகிவிடலாம். ஒவ்வொரு ஊரிலும், இவ்வடுப்பைக் கட்டவும் பழுதுபார்க்கவும் தெரிந்த ஒருவரேனும் இருக்கவேண்டும். அவருக்குரிய கூலியும் உடைந்த குழாய்க்கு மாற்றுக் குழாயும் திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே இடம்பெறவேண்டும். கற்றுக்கொடுக்கும்போது, சமைக்கும் பெண்ணோடு வீட்டின் ஆண்மக்களையும் அழைத்தல் நலம்; கூரைமேல் ஏறிக் குழாயைத் துடைக்கும் வேலை அவர்களுடையதாகலாம்.

களப்பணியாளரின் பதிவேட்டில் ‘அமைக்கப்பட்டது’ என்ற பத்தியின் அருகே மேலும் மூன்று பத்திகள் வேண்டும்: மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம். அவ்வொவ்வொரு முறையும் சமையல் நடக்கும் வேளையில் வீட்டிற்குச் சென்று, புகை எங்கிருந்து வெளிவருகிறது என்பதைக் கண்ணால் கண்டு எழுதவேண்டும். பள்ளி ஆசிரியர்களும் மாணவரைக்கொண்டு தத்தம் வீட்டு அடுப்பின் நிலையைக் குறித்துவரச் செய்யலாம். சத்துணவு விறகில் சமைக்கப்படும் பள்ளியாயின் அச்சமையலறையிலிருந்தே தொடங்கலாம். பன்னிரண்டாம் மாதத்தில் புகை கூரைக்குமேல் எழுந்தால் மட்டுமே அவ்வடுப்பை ஒன்றெனக் கணக்கிடுதல் தகும். அத்தகைய கணக்கில் எண் சிறுத்துக் காணப்படலாம். ஆயினும் அந்த எண்ணுக்குள் அடங்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் கண் கலங்காமல் சமைக்கிறாள் என்று பொருள்.