கைவினைப் பொம்மைக்கும் சோதனை வேண்டும்

பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதி 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு அது பொருந்தும். இது சிறு தொழிலை நசுக்கும் விதி, பெற்றோர் கவனமாக இருந்தாலே போதும் என்ற பேச்சு அன்றிலிருந்து ஓயவில்லை. சொல்பவர்களில் பலர் கைவினைஞர்கள் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள். ஆனாலும் அந்த வாதம் நிற்காது.

பெற்றோர் கவனம் என்பதை எடுத்துக்கொள்வோம். துணிக் கரடியின் கண் இறுகத் தைத்திருக்கிறதா என்று கடையில் இழுத்துப் பார்க்கலாம். எவ்வளவு இழுப்பது? ஆய்வகத்தில் அதற்குக் கணக்கு உண்டு. பொம்மையைக் கீழே போடுகிறார்கள், முறுக்குகிறார்கள், குறிப்பிட்ட விசையில் இழுக்கிறார்கள். கழன்று வரும் துண்டை 31.7 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு சிறு உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். ஏதாவது ஒரு வாக்கில் முழுதாக அடங்கிவிட்டாலும், மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு அந்தப் பொம்மை ஆகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாங்கும் அன்று கெட்டியாக இருப்பது பத்து முறை தரையில் விழுந்தபின் எப்படி இருக்கும் என்று எந்தத் தாய்க்கும் தெரியாது. பெயின்டில் உள்ள ஈயமோ கண்ணுக்கே தெரியாது. 2019இல் இந்தியத் தரக் கவுன்சில் டெல்லி வட்டாரச் சந்தையிலிருந்து 121 மாதிரிகளை எடுத்துச் சோதித்ததில் ஏறக்குறைய 67 சதவீதம் தேறவில்லை. அவற்றை வாங்கியவர்கள் எல்லாரும் பொறுப்பில்லாதவர்களா?

“நாங்களெல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்” என்பார்கள். ஈயம் காய்ச்சலைப் போல வெளியே காட்டிக்கொள்ளாது. மூளை வளர்ச்சியைச் சத்தமில்லாமல் குறைக்கும். இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளையை ‘மந்தம்’ என்று திட்டியிருப்போமே தவிர, காரணத்தைப் பொம்மையில் தேடியிருக்க மாட்டோம்.

இறக்குமதியைத் தடுக்கத்தான் இந்த விதி என்பதும் சரியல்ல. அந்த வேலைக்குச் சுங்க வரி இருக்கிறது: 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60, 2023இல் 70. வரி கட்டி வந்த பொம்மையைக் குழந்தை வாயில் வைக்கலாமா என்பதற்கு அந்த வரியில் பதில் இல்லை.

கடைசியில் மிஞ்சுவது சிறு தொழிலின் செலவு. இது நியாயமான கவலை. பத்து வகைப் பொம்மை செய்யும் ஒருவருக்கு ஒவ்வொன்றுக்கும் ஆய்வகக் கட்டணம் கட்டிக் கட்டுப்படியாகாது. அதற்காக 2020 டிசம்பரில் அரசு செய்தது, பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மரம் பாதுகாப்பானதாகவே இருக்கட்டும், மேலே பூசிய வண்ணம்? ஈயத்துக்கு மில்லியனில் 90 பங்கு என்று வரம்பு வைத்த 2016ஆம் ஆண்டு விதி வீட்டுப் பெயின்டுக்கும் அலங்காரப் பெயின்டுக்கும் மட்டுமே. தொழிற்சாலைப் பெயின்ட் அதில் வராது. ஒரு கைவினைஞர் கடையில் வாங்கும் டப்பா எந்த வகை என்பது அவருக்கே தெரியாமல் போகலாம். முதலில் அந்தத் தூசியையும் நெடியையும் சுவாசிப்பவரும் அவர்தான்.

அமெரிக்காவில் 2008இல் கடுமையான சட்டம் வந்தபோதும் இதே கூக்குரல் எழுந்தது. 2011இல் அதைத் திருத்தி, சிறிய அளவில் செய்பவர்களுக்குச் சில வெளி ஆய்வகச் சோதனைகளிலிருந்து விலக்குத் தந்தார்கள். பெயின்டில் ஈயம், தொண்டையில் சிக்கும் சிறு துண்டு ஆகிய இரண்டு சோதனைகளுக்கும் அந்த விலக்கு இல்லை. பெயின்டைத் தனியாகச் சோதித்து, அந்தச் சான்றை அது பூசிய எல்லாப் பொம்மைகளுக்கும் காட்டவும் அங்கே வழி இருக்கிறது.

இங்கேயும் அது முடியும். தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார், சோதித்த பெயின்டை மொத்தமாக வாங்கித் தஞ்சாவூர்ப் பொம்மை செய்பவர்களுக்கு அடக்க விலையில் கொடுக்கலாம். ஒரு பீப்பாய்க்கு ஒரு சோதனை, அந்தக் கட்டணமும் அரசுடையது.