தங்கத்தைத் தாங்குவது

தங்கம் வினையூக்கியாகப் பெரிதாக உதவாது என்றே வேதியியலார் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1987இல் ஜப்பானின் மசடாகே ஹருடா குழு வெளியிட்ட கட்டுரையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது: நானோமீட்டர் அளவுத் துகள்களாக ஆக்சைடின் மேல் பரப்பிய அதே தங்கம், கார்பன் மோனாக்சைடு நச்சை உறைநிலைக்கு வெகு கீழேயே ஆக்சிஜனோடு சேர்த்துவிட்டது! எல்லோரும் துகளின் சிறுமையை வியக்கிறார்கள்; எனக்கு வியப்பு அடியில் இருக்கும் ஆக்சைடு. பிடிமானம் இல்லாவிட்டால், தாமரை இலை நீர்த்துளிகளைப்போலத் துகள்கள் சூட்டில் ஒன்றுசேர்ந்து பருத்துவிடும், வேகமும் போய்விடும். தங்கமும் ஆக்சைடும் தொடும் விளிம்பில்தான் வினை நடக்கிறது என்பதை ஹருடாவே வலியுறுத்தினார். விலையுயர்ந்த உலோகத்தை மிச்சப்படுத்த நினைக்கும் ஆய்வுக்கூடங்கள் முதலில் தாங்குபொருளுக்கே நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும்.