சோதிக்காமலே உரமா?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையக் கசடு, நகரக் கம்போஸ்ட்டுக்கான அளவுகோலில் தேறினால் வயலுக்குப் போகலாம் என்ற முடிவை மாற்றும் எண்ணமே மேலிடத்துக்கு இல்லை போலிருக்கிறது. ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் வரம்புக்குள் இருந்து, நோய்க்கிருமியும் இல்லையென்றால் சரி. மூட்டை கட்டி உரம் என்று ஒட்டிவிடலாம்.

டயாக்சின், பிசிபி, பிஎஃப்ஓஎஸ் போன்ற நிலைத்த கரிம மாசுகளுக்கு அந்த அளவுகோலில் ஒரு வரிகூடக் கிடையாது. சுத்திகரித்த நீரைக் காட்டிப் பெருமைப்படுகிறார்களே, அதைவிட்டு விலகிய நஞ்சில் பெரும்பகுதி போய் ஒட்டிக்கொள்ளும் இடம் இந்தக் கசடுதான். மட்க வைத்தாலும் பிஎஃப்ஓஎஸ் சிதையாது. போகத்துக்குப் போகம் கொட்டக் கொட்ட மண்ணில் சேரும். மண்ணிலிருந்து புல்லுக்கு, மாட்டுக்கு, பாலுக்கு ஏறும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பல பத்தாண்டுகளுக்கு முன் கொட்டிய கசட்டுக்காகப் பால் பண்ணைகள் கறவையை நிறுத்த நேர்ந்தது. 2022இல் அந்த மாநிலம் கசடு கொட்டுவதையும், அதில் செய்த கம்போஸ்ட் விற்பதையும் தடை செய்தது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 6 கோடி டாலர் ஒதுக்கியது. இங்கே ஒரு நிலம் கெட்டால் யார் ஒதுக்கப்போகிறார்கள்? எந்த நிலம் கெட்டது என்பதையாவது யார் சொல்லப்போகிறார்கள்?

இதெல்லாம் தெரியாமல் நடப்பதாக நம்புவதற்கில்லை. இத்தகைய மாசுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் பிஎஃப்ஓஎஸ் 2009இலேயே ஏறிவிட்டது. 2018இல் ஏழு ரசாயன வகைகளைத் தடை செய்து டெல்லி விதி வெளியிட்டபோது, அந்த ஏழில் அது இல்லை.

இவர்களின் பழைய கணக்கு இதைவிட மோசம். கேரளத்தின் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்கள்மீது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது. அங்கே குறைபாடுகளோடு பிறந்த குழந்தைகளின் படங்களை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும், 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் உலகத் தடைக்கு எதிராக நின்றது நம் தூதுக்குழு. போதிய ஆதாரம் இல்லையாம்! அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. கசட்டுக்கும் அதே பதில் தயாராக இருக்கும். சோதித்தால்தானே ஆதாரம் கிடைக்கும்? சோதிக்கவே மாட்டோம் என்று அளவுகோலை எழுதி வைத்தவர்கள் ஆதாரம் கேட்பது துணிச்சல் அல்ல, அயோக்கியத்தனம்.

அளவுகோலைத் திருத்தத் தகுந்த ஏற்பாட்டை அரசு உடனே செய்தாக வேண்டும். அதுவரை கசட்டு லாரி எந்த வரப்போரமும் நிற்கக் கூடாது.