துரோகி என்னும் எளிய சொல்

ஓர் இயக்கத்தின் நேர்மையை அறிய, அதிலிருந்து விலகிச் செல்பவர்களை அது எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் போதும். கட்சிகள்மீதும் மதங்கள்மீதும் இந்த அளவுகோலைத் தயங்காமல் வைக்கும் நாம், மேற்குலகின் திருநர் இயக்கத்தின்மீது வைக்க மட்டும் கூச்சப்படுகிறோம். விமர்சித்தால் எதிரிக்கு உதவியதாகிவிடுமோ என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துப் பேச வேண்டிய தருணம் இது.

தாம் உணர்ந்த பாலினத்துக்கு மாறிச் சில காலம் வாழ்ந்தபின், முழுமையாகவோ பகுதியாகவோ பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்துக்குத் திரும்புவதை ஆங்கிலத்தில் டீட்ரான்சிஷன் என்கிறார்கள். மீள்மாற்றம் என்று சொல்லிக்கொள்வோம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அப்படி மீள்பவர்களைத் திருநர் வட்டாரங்களில் பலமுறை எதிர்கொள்பவை மூன்று பதில்கள்: நீ உண்மையில் திருநரே அல்ல, எதிரிக்குத் தீனி போடுகிறாய், நீ விதிவிலக்கு, ஆகவே பேசாமல் இரு.

இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1966இல் பால்மாற்ற அறுவைக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. அறுவையால் சமூக வாழ்வில் புறவயமான மேம்பாடு ஏதும் இல்லை என்று அங்கேயே நடந்த ஓர் ஆய்வு சொன்னதும், 1979இல் அந்தக் கதவு மூடப்பட்டது. இன்று அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான பால்மாற்றச் சிகிச்சைகளைத் தடைசெய்துள்ளன. டென்னஸி மாநிலத்தின் தடையை உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதிசெய்தது. இத்தகைய சட்டங்களுக்காகச் சட்டமன்றக் குழுக்களின் முன் மீண்டவர்கள் சிலர் சாட்சியம் அளித்திருக்கிறார்கள். ஒருவரின் வருத்தம் இன்னொருவரின் மருந்தைப் பறிக்கும் என்ற பயம் வெறும் கற்பனையன்று.

ஆனால் பயம் ஒரு விளக்கம் மட்டுமே, நியாயம் ஆகாது.

'நீ முதலிலிருந்தே திருநர் அல்ல' என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். திருநர் இயக்கத்தின் அடித்தளமே ஒரு வேண்டுகோள்தான்: என் பாலினத்தைப் பற்றி நான் சொல்வதை நம்புங்கள். அந்தச் சொல் மாறியவுடன் நம்பிக்கை திரும்பப் பெறப்படுமானால், இத்தனை நாளும் நம்பப்பட்டது அந்த மனிதர் அல்லர், அவர் சொன்ன முடிவு மட்டுமே என்றாகிறது. மதம் விட்டுப் போனவனை, 'அவனுக்கு மெய்யான விசுவாசம் என்றுமே இருந்ததில்லை' என்று தள்ளிவிடும் குருமாரின் தர்க்கம் இதுவே. எந்தச் சான்றாலும் அதை மறுக்க முடியாது. ஆகவே அது வாதமே அன்று.

இதிலுள்ள முரணைத் திருநர் சிந்தனையின் வரலாறே சொல்லும். ஹாரி பெஞ்சமின் 1966இல் வெளியிட்ட நூலில் விவரித்த நோயாளியைப் போன்றவர்களையே மருத்துவமனைகள் ஏற்றன. சிகிச்சை வேண்டியவர்கள் அந்நூலைப் படித்துவிட்டு வந்து அதே கதையைச் சொன்னார்கள். மருத்துவர்கள் தம் எதிரொலியைக் கேட்டுவிட்டு அதையே சான்று என்று கொண்டார்கள். 1991இல் அச்சான தம் கட்டுரையில் சாண்டி ஸ்டோன் இதை அம்பலப்படுத்தினார். ஐயத்துக்கு இடமில்லாத ஒற்றைக் கதையைச் சொன்னால்தான் உள்ளே அனுமதி என்ற அந்தப் பழைய நடைமுறையை எதிர்த்து எழுந்தவர்கள், இன்று அதே ஒற்றைக் கதையைத் தம்மவரிடம் கேட்கிறார்கள். வாயிற்காவலனை விரட்டிவிட்டு அவன் தடியைத் தாமே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து, எண்கள். ஜாக் டர்பன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வை இயக்கத்தினர் அடிக்கடி காட்டுவதுண்டு. 2015ஆம் ஆண்டின் அமெரிக்கத் திருநர் கணக்கெடுப்பில், ஏதேனும் ஒருவகையில் பால்மாற்றத்தை மேற்கொண்ட 17,151 பேரில் 13.1 விழுக்காட்டினர் ஒருகாலத்தில் மீண்டிருந்தார்கள், அவர்களில் 82.5 விழுக்காட்டினர் குடும்ப நெருக்கடி, சமூக இழிவு போன்ற புறக்காரணம் ஒன்றையாவது குறிப்பிட்டார்கள். நல்லது. அப்படியானால் இவர்கள் இயக்கம் எதிர்த்துப் போராடும் அதே ஒடுக்குமுறையின் பலிகள் அல்லவா? அவர்களை ஏளனம் செய்வதற்கு இந்த எண்ணில் என்ன இடம் இருக்கிறது? மேலும், கணக்கெடுப்பின்போதும் தம்மைத் திருநர் என்று அடையாளப்படுத்தியவர்களே அதில் பதில் தந்தார்கள். முற்றிலும் விலகியவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

வராதவர்கள் என்ன சொல்கிறார்கள்? அதே 2021இல் எலி வாண்டன்புஷ் மீண்டவர்கள் 237 பேரிடம் கேட்டார். மாறும்போது பால்புதுமையினர் அமைப்புகளின் ஆதரவு கிடைத்ததாகச் சொன்னவர்கள் 51 விழுக்காடு, மீளும்போது 13. லிசா லிட்மன் ஆய்வுசெய்த 100 பேரில் 24 பேர் மட்டுமே தாம் மீண்டதைத் தம் மருத்துவருக்குத் தெரிவித்திருந்தார்கள். தாமாக முன்வந்தவர்களிடம் எடுத்த இந்த மாதிரிகளை வைத்து எல்லோரைப் பற்றியும் முடிவுகட்ட முடியாது. ஆனால் இவை காட்டும் மௌனம் ஆபத்தானது. இனப்பெருக்கச் சுரப்பிகள் அகற்றப்பட்டவருக்கு, அவர் எந்தப் பாலினத்தில் வாழ்ந்தாலும், ஹார்மோன் வெளியிலிருந்தே வர வேண்டும். அவர் வெட்கத்தால் மருத்துவரிடமும் அச்சத்தால் நண்பரிடமும் போகாமல் இருந்தால் சேதம் அவர் எலும்புக்கு.

லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழின் விளையாட்டு எழுத்தாளர் மைக் பென்னர், 2007 ஏப்ரலில் இனித் தாம் கிறிஸ்டீன் டேனியல்ஸ் என்று தம் பத்தியிலேயே அறிவித்தார். வாழ்த்துகள் குவிந்தன. 2008இல் ஓசையின்றிப் பழைய பெயருக்குத் திரும்பினார். 2009 நவம்பரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்துக்குக் காரணம் கற்பிக்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் அவருக்கு இரண்டு நினைவுக்கூட்டங்கள் நடந்தன: ஒன்று மைக்குக்கு, மற்றொன்று கிறிஸ்டீனுக்கு. வாழ்ந்தவர் ஒருவர், அழுதவர்கள் ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொண்டார்கள். நம் மொழியின் 'அவர்' என்ற சொல் இரு பாதிகளையும் தடையின்றித் தாங்குகிறது. மனிதர்களால் அது முடியவில்லை.

மறுபுறம், மீண்டவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி மேடையேற்றும் பழமைவாதிகளை நாம் மறக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு காட்சிப்பொருள். மீண்டவர் தம் பழைய தோழர்களைப் பற்றி ஒரு நல்ல சொல் சொன்னால் அந்த மேடையில் ஒலிபெருக்கி அணைந்துவிடும். ஆனால் அந்த மேடைக்கு அவரைத் தள்ளிவிடுவது யார்? சொந்த வீட்டில் திண்ணைகூட இல்லாதவர், விளக்கு எரியும் வீட்டுக்குத்தான் போவார்.

இயக்கம் தயங்கிய இடத்தில் இலக்கியம் நுழைந்திருக்கிறது. திருநங்கை எழுத்தாளர் டோரி பீட்டர்ஸின் 'டீட்ரான்சிஷன், பேபி' நாவல் 2021இல் வெளிவந்தது. அதில் ஏமி என்ற திருநங்கை, ஏம்ஸ் என்ற ஆணாக மீண்டும் வாழ்கிறார். தாம் உணர்ந்தது பொய் என்பதால் அல்ல, அப்படி வாழ்வது தாளமுடியாததாக இருந்தது என்பதால். அவர் துரோகியும் அல்லர், சாட்சியும் அல்லர்; முன்னாள் காதலியோடு தீராத கணக்குகள் கொண்ட ஒரு மனிதர்.

நாம் கேட்பது பெரிய தத்துவம் ஒன்றையும் அல்ல. மாற விரும்புபவருக்குத் திறந்திருக்கும் அதே ஆலோசனை அறை, அதே உதவிக்குழு, அதே மருத்துவர், மீள விரும்புபவருக்கும் திறந்திருக்க வேண்டும். அங்கே அவரிடம் 'முன்பு சொன்னது பொய்யா?' என்று யாரும் கேட்கக் கூடாது. இதைச் செய்ய எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் திருநர் அமைப்புகளுக்குத் தேவையில்லை. இன்னும் செய்யாமல் இருப்பதற்கான காரணத்தை இனி எதிரியின்மேல் சுமத்தவும் முடியாது.