வண்ணத்துப்பூச்சித் தோலும் அன்றாடக் கட்டுத்துணியும்

ஜேர்மனியின் போஹும் நகர வைத்தியசாலை ஒன்றில், 2015 ஆம் ஆண்டு, ஏழு வயதுச் சிரிய அகதிச் சிறுவன் ஒருவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். மேற்தோலை உட்தோலுடன் பிணைத்து வைக்கும் புரதம் பழுதுபட்ட பிறவி நோய் அவனுக்கு. கிருமித் தொற்றினால் மேற்தோலில் ஏறத்தாழ 60 வீதத்தை இழந்திருந்தான். தந்தையின் தோலைப் பொருத்தியும் அது நிலைக்கவில்லை.

இத்தாலியின் மொடெனாவைச் சேர்ந்த மிக்கேலே டி லூகா குழுவினர், சிறுவனின் உடலில் எஞ்சியிருந்த நல்ல தோலிலிருந்து 4 சதுர சென்ரிமீற்றர் அளவை மட்டும் எடுத்தனர். அதன் கலங்களில் சரியான மரபணுவைச் சேர்த்து, ஆய்வுகூடத்தில் புதிய தோலாக வளர்த்துக் கொடுத்தனர். சத்திரசிகிச்சை மூலம் உடலின் சுமார் 80 வீதப் பரப்பு அத்தோலால் மூடப்பட்டது. சிறுவன் பிழைத்தான், பாடசாலைக்கும் திரும்பினான். 2017 இல் 'நேச்சர்' சஞ்சிகை இதனை வெளியிட்டபோது உலகமே வியந்தது.

வியக்கத்தக்கதுதான். ஆனால், 2025 இல் அமெரிக்கா அங்கீகரித்த இத்தகைய மரபணுத் தோல் சிகிச்சை ஒன்றின் விலை சுமார் 31 இலட்சம் டொலர். வண்ணத்துப்பூச்சியின் இறகு போன்ற தோலுடன் பிறக்கும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அது எட்டும்?

இந்நோயின் கடுமையான ஒரு வகையில் ஆறாத புண்கள் தழும்பாகி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கை முட்டிபோல் ஆகிவிடுகிறது. சத்திரசிகிச்சையால் விரல்களைப் பிரிக்கலாம். பின்னர் விரல்களைத் தனித்தனியே சுற்றிக் கட்டி, அணைகருவி அணிவித்துப் பராமரிக்காவிட்டால் அவை விரைவில் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பராமரித்தாலும் பெரும்பாலும் சில ஆண்டுகளில் மறுபடியும் கத்தி வைக்க நேரிடும். கத்தியின் வேலை ஒரு நாள்; கட்டுத்துணியின் வேலை ஆயுள் முழுவதும்.

சாதாரண பிளாஸ்ரரை ஒட்டி உரித்தால் தோலும் கூடவே வந்துவிடும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் இதயத்துடிப்பை அளக்க ஒட்டும் வில்லையும், மயக்கமருந்து முகமூடியின் விளிம்பும்கூடப் புதிய புண்ணை உண்டாக்கும். இதைத் தடுக்கக் கோடிக்கணக்கான பணம் தேவையில்லை. ஒட்டாத சிலிக்கோன் கட்டும், வசிலீன் தடவிய துணியும், இதையறிந்த ஒரு தாதியும் போதும். ஆனால் அந்தச் சிலிக்கோன் கட்டைக்கூட நாள்தோறும் வாங்க இயலாத பெற்றோர் ஏராளம்.

அரசுகள் இதனை ஆடம்பரப் பொருளாக எண்ணாமல், நீரிழிவு நோயாளியின் இன்சுலினைப் போல் அத்தியாவசிய மருந்தாகக் கருதி இலவசமாக வழங்க வேண்டும். அதிசயங்கள் வரட்டும், வரவேற்போம். அவை வந்து சேரும்வரை அக்குழந்தை வலியின்றி உறங்க வேண்டுமே!