ஃபார்மட் அடிச்சிடலாமா?

வைவாவுக்கு மூன்று நாள் இருக்கிறது. பி.காம் கடைசி வருட மாணவி ஒருத்தி கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க வருகிறாள். கடைக்கார அண்ணன் பென் டிரைவைச் செருகுகிறார். திறக்கவில்லை. "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கிறது. "வைரஸ்மா, ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்கிறார் அண்ணன். அவள் வாயைத் திறப்பதற்குள் மூன்று க்ளிக் முடிந்து விட்டது. சரியாகி விட்டதா என்று பார்க்க ஒரு சினிமா பாட்டை காப்பி செய்து ஓட்டியும் காட்டினார். பாட்டு அருமையாகப் பாடியது! மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய கேள்வித்தாள்களின் கணக்கு மட்டும் காணோம். ஃபார்மட் அடித்ததற்கு இருபது ரூபாய் தனி.

எதற்கெடுத்தாலும் ஃபார்மட் என்கிற இந்த வியாதியை யார் ஆரம்பித்து வைத்தார்களோ! காய்ச்சல் என்று போனவனுக்கு தலையை எடுத்து விட்டால் காய்ச்சல் நிற்கத்தான் செய்யும்.

அண்ணனை மட்டும் திட்டிப் பயனில்லை. முதல் குற்றவாளி விண்டோஸின் அந்தப் பெட்டிதான். "இதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை" என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டிய இடத்தில் "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்கிறது. உள்ளே இருப்பது அழிந்து விடும் என்ற எச்சரிக்கை அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. அதற்குள் கை வேகம் பிடித்திருக்கும், யார் படிக்கிறார்கள்?

உண்மையில் கெட்டுப் போனது என்ன? காமர்ஸ் படிப்பவர்களுக்கு பேரேட்டை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பேரேட்டின் முன்னால் எந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் என்று ஒரு இன்டெக்ஸ் இருக்கும். அது கிழிந்தால் கணக்குகள் கிழிந்ததாக அர்த்தமா? பக்கங்கள் அப்படியேதான் இருக்கும். பல பென் டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 முறையும் இப்படித்தான். ஃபைல் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்ற அட்டவணை தனி, ஃபைல் தனி. அந்த அட்டவணைக்கே இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறார்கள். பூட் செக்டருக்கும் ஆறாவது செக்டரில் ஒரு நகல் உண்டு. இவ்வளவு முன்யோசனையோடு செய்து வைத்ததை ஒரே க்ளிக்கில் வழித்துத் துடைப்பதற்குப் பெயர் ரிப்பேராம்!

குயிக் ஃபார்மட் என்றால் இன்டெக்ஸ் மட்டும் காலி, பக்கங்கள் பிழைக்கும். அந்த டிக்கை எடுத்து விட்டு முழு ஃபார்மட் செய்தால் கதை வேறு. எக்ஸ்பி காலத்தில் முழு ஃபார்மட் கூட பழைய தகவலின் மேல் எதையும் எழுதாது, கெட்ட செக்டர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. விஸ்டாவிலிருந்து டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை நிரப்பி விடுகிறது. "ஃபார்மட் ஆனாலும் எடுத்துடலாம் மச்சி" என்று சொல்லும் சீனியர்கள் இன்னும் எக்ஸ்பியிலேயே இருக்கிறார்கள்.

சில சமயம் எதுவுமே அழிந்திருக்காது. டிரைவ் திறக்கும், இடம் நிறைந்திருப்பதாகக் காட்டும், உள்ளே ஷார்ட்கட் மட்டும் தெரியும். வைரஸ் ஃபோல்டரை மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கமாண்ட் பிராம்ப்டில் ஆட்ரிப் கட்டளை ஒரு வரி அடித்தால் வெளியே வந்து விடும். இதற்கும் ஃபார்மட் அடிப்பவர்களை என்ன சொல்வது?

டிரைவ் திறக்கவே இல்லை என்றால் முதல் வேலை, அதில் எதையும் எழுதாமல் இருப்பது. பிழைகளைச் சரி செய்யச் சொல்லி செக்டிஸ்க் ஓட்டினால் அதுவும் டிரைவில் எழுதும் என்பது பலருக்குத் தெரியாது. டிரைவை முழுதாக ஒரு இமேஜாக எடுத்துக்கொண்டு அந்த நகலில்தான் கை வைக்க வேண்டும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசம். முதலாவது பூட் செக்டரையும் பார்ட்டிஷனையும் சரி செய்யப் பார்க்கும். இரண்டாவது இன்டெக்ஸைக் கண்டுகொள்ளாமல் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஃபைலின் தலை எழுத்தை வைத்தே இது படம், இது வேர்ட் என்று கண்டுபிடிக்கும். பெயர்கள் போய்விடும், துண்டு துண்டாகக் கிடந்த ஃபைல் முழுதாக வராது. கிடைத்ததை வேறு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். அதே பென் டிரைவில் சேமித்து, எடுத்ததை வைத்தே எடுக்காததை அழித்துக் கொண்ட புண்ணியவான்களும் உண்டு. இது தெரியாமல் "ஃப்ரீ ரெக்கவரி" என்று தேடுபவர்களுக்கு, எல்லா ஃபைலையும் ஆசை காட்டி விட்டு, சேவ் அழுத்தியதும் பணம் கேட்கும் மென்பொருள்கள்தான் அகப்படுகின்றன.

கன்ட்ரோலரே செத்து, டிரைவ் பூஜ்யம் பைட் என்று காட்டினால் எந்த மென்பொருளும் ஒன்றும் செய்ய முடியாது. லேபில் சிப்பைக் கழற்றிப் படிக்க வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும். பாக்கெட்டில் போட்டிருக்கும் ஐந்து வருட வாரண்டி அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்குத்தான். முந்நூறு ரூபாய்க்குப் புது டிரைவ் தருவார்கள், மூன்று மாத உழைப்பைத் தர மாட்டார்கள்.

மாணவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் தொண்ணூறு வாங்குவார்கள், இன்ஷூரன்ஸ் பாடத்தில் ரிஸ்க் பற்றி நாலு பக்கம் எழுதுவார்கள். ப்ராஜெக்டின் ஒரே பிரதியை சாவிக்கொத்தில் தொங்க விட்டுக் கொண்டு பஸ்ஸில் போவார்கள். 2000-ல் எட்டு எம்பியோடு விற்பனைக்கு வந்தபோதே இது ஃபைலைத் தூக்கிக் கொண்டு போகத்தான் வந்தது. இதை பேங்க் லாக்கர் ஆக்கியது நம் ஆட்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஹாஸ்டலில் ஒரு அக்கா இரவு முழுக்க ஃபோட்டோரெக் ஓட்டிக் கொடுத்தாள். அண்ணன் அடித்தது குயிக் ஃபார்மட் என்பதால் எக்ஸெல் முழுசாக வந்தது, படங்கள் வந்தன. வேர்ட் ஃபைல் வரவில்லை. அது இருந்த இடத்தில் சினிமா பாட்டு உட்கார்ந்திருந்தது. ஐந்து அத்தியாயத்தையும் இரண்டு ராத்திரியில் மறுபடி டைப் அடித்தாள். பிரிண்டுக்கு அதே கடைக்குத்தான் போனாள், வாசலில் வேறு கடை இல்லை.