சிரிக்கும்போது மூடிய கை



இந்தப் பொங்கல் மலரின் அட்டைப்படத்துக்காக மார்கழியில் ஒருநாள் சிலமலைக்குப் போயிருந்தோம். போடியிலிருந்து தேவாரம் போகிற பக்கத்து ஊர். ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிற பெண்கள் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக விடியும் முன்பே ஜீப்புக்காக நிற்பார்கள். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிக் கேரள எல்லைக்குள் போய், நாள் முழுக்கக் குனிந்து செடியின் தூரிலிருந்து காய் பறித்துவிட்டு, இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்கள். அந்த முகங்கள் அட்டையில் வர வேண்டும் என்பது என் ஆசை.

படம் எடுக்கிற தம்பி "சிரிங்கக்கா" என்றான். ஒன்பது பேரும் நன்றாகத்தான் சிரித்தார்கள். ஆனால் ஏழு பேரின் கை வாய்க்குப் போய்விட்டது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் கை. மூன்றாம் முறை தம்பி கெஞ்ச, ஓர் அக்கா சொன்னார்: "கைய எறக்கணும்னுதான் நெனக்கிறோம் தம்பி, அது தானாப் போகுது."

நம் பேச்சைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். பாட்டிலும் கதையிலும் கதாநாயகிக்கு முத்துப்பல், முல்லைப்பல். வீட்டில் நமக்கோ, "என்ன பல்லக் காட்டுற?" காரியம் ஆக வேண்டி ஒருவன் குழைந்தால் பல்லைக் காட்டுகிறான். முலாம் பூசிய நகை கறுத்தால் பல்லை இளிக்கிறது. பல் தெரிவதே குற்றம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கை வாய்க்குப் போகாமல் வேறு எங்கே போகும்?

ஜீப் வந்துவிட்டது. ஏறப்போன இன்னோர் அக்கா மட்டும் திரும்பி வந்தார். மகள் தேனியில் கல்லூரியில் படிக்கிறாளாம். மேல்வரிசை முன்பற்களில் பழுப்புத் திட்டுகள், ஒரு பல்லில் நுனி உடைந்திருக்கிறது. வகுப்புத் தோழிகளோடு படம் எடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாளாம். ஒரே வாரத்தில் நட்சத்திரச் சிரிப்பு என்று போனில் வரும் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். "பல்லு மேல வெள்ளையா ஓடு ஒட்டுறாங்களாமே, அது நல்லதாண்ணே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மதுரைக்கு வந்து, பல் மருத்துவர் நண்பர் ஒருவரை மூன்று மாலை நச்சரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். அந்த அக்காவுக்கு எழுதுவதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

அவர் ஓடு என்று சொன்னது சரிதான். அதன் பெயர் வெனீர். ஆசாரிகளுக்கு இந்தச் சொல் பழக்கம். பிளைவுட் பலகைமேல் தேக்குச் சீவலை ஒட்டி, தேக்குக் கதவு போலக் காட்டுகிறார்களே, அதேதான். பல்லின் முன்பக்கத்தில் மட்டும் பீங்கானாலோ கம்போசிட் என்கிற பல்நிறப் பிசினாலோ ஆன மெல்லிய சில்லை ஒட்டுவது. பீங்கான் சில்லின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். விரல் நகத்தின் கனம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் முழுவதையும் சுற்றிலும் ராவி மேலே தொப்பி மாட்டுவதற்குப் பெயர் கிரவுன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதன் பிறப்பே சினிமாவில்தான். 1928 வாக்கில் கலிபோர்னியாவில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர், நடிகர்களின் பல் திரையில் அழகாகத் தெரிய மெல்லிய மேலுறைகளைச் செய்துகொடுத்தார். பல்செட்டுக்குப் போடுகிற பசைப்பொடியால் ஒட்டியது. படப்பிடிப்பு முடிந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். பால்பல் விழுந்துகொண்டிருந்த குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்கும் அப்படித்தான் பல் வரிசை வந்தது. சாப்பிடக்கூட முடியாத ஒப்பனைப் பல்!

அது பல்லோடு பல்லாகப் பிடித்து நிற்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1955-ல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்க ஆய்வாளர், உலோகத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன் அமிலம் தடவும் தொழிற்சாலை வழக்கத்திலிருந்து ஒரு யோசனையைப் பிடித்தார். பல்லின் மேலும் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுகின்றன. பிசின் அதில் இறங்கிப் பற்றிக்கொள்கிறது. பழைய சுவரில் பூச்சு நிற்பதற்காகக் கொத்தனார் முதலில் கொத்திவிடுகிறார் அல்லவா, அந்த வேலைதான் இது. பீங்கானின் உள்பக்கத்தையும் இதேபோல் அமிலத்தால் சொரசொரப்பாக்கலாம் என்று சைமன்சனும் கலாமியாவும் 1980-களின் தொடக்கத்தில் காட்டிய பிறகுதான் இன்று நாம் பார்க்கிற வெனீர் வந்தது.

எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டேன். நண்பர் மேசைமேல் இருந்த பிளாஸ்டர் பல்லைக் கையில் கொடுத்தார். பல்லுக்கு வெளியே இருக்கிற பற்சிப்பி, நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். முன்பல்லில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவு. ஈறை நெருங்க நெருங்க அதைவிடவும் குறைவு. சில்லு ஒட்டினால் பல் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது என்பதற்காகப் பெரும்பாலும் இந்தப் பற்சிப்பியைத்தான் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ராவுகிறார்கள். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். பற்சிப்பி மட்டும் போனால் போனதுதான். அதை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துபோய்விடுகின்றன.

ஆகவே, ஒருமுறை ராவி ஒட்டிய பல்லுக்கு ஆயுள் முழுக்க ஏதாவது ஒரு மூடி வேண்டும். பீங்கான் சில்லு நன்றாகப் பராமரித்தால் பத்து, பதினைந்து வருடம் நிற்கும். சிலருக்கு அதற்கு மேலும். கம்போசிட் அதில் பாதிதான். அப்புறம் மாற்ற வேண்டும், மறுபடி செலவு. இருபது வயதில் ஒட்டிக்கொள்கிற பெண் அறுபது வயதுக்குள் எத்தனை முறை அந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் இந்தக் கணக்கு வராது. பீங்கான் என்றால் ஒரு பல்லுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். எட்டுப் பல், பத்துப் பல் என்று மொத்தமாகத்தான் விற்பார்கள்.

இன்னொன்று. இந்தச் சில்லோடு சோடா மூடி திறக்க முடியாது, நூலைக் கடித்து அறுக்க முடியாது, கொட்டைப்பாக்கைக் கடிக்க முடியாது. தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறவர்களுக்குச் சில்லு விரிசல் விடலாம். அவர்கள் இரவில் மாட்டிக்கொள்ள ஒரு காப்பு உறை தேவைப்படும். சொத்தையும் ஈறு வீக்கமும் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். இத்துப்போன பலகைமேல் தேக்குச் சீவலை ஒட்டி என்ன பயன்?

ஆனாலும் வெனீர் வெறும் பகட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் தருமபுரி.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை, ஈறுக்குள்ளே நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அளவுக்கு மீறிய புளோரைடு உள்ளே போனால் பற்சிப்பி சரியாக இறுகாது. பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளோ பழுப்புத் திட்டுகளோ இருக்கும், குழிகூட விழும். இதைப் பல் விளக்காத கறை என்று நினைத்து எத்தனை பிள்ளைகளை அடித்திருப்போம்! பழைய சென்னை மாகாணத்தில், இன்றைக்கு ஆந்திராவில் இருக்கும் நெல்லூர்ப் பக்கத்தில் புளோரைடால் வரும் நோய் இருப்பதை ஷார்ட் என்பவரும் அவரோடு வேலை செய்த மருத்துவர்களும் 1937-லேயே எழுதிவைத்தார்கள். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் 2013-ல்தான் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த தலைமுறைகளின் பல்லில் அந்தத் தாமதம் பழுப்பாகப் படிந்திருக்கிறது. அப்படிப்பட்ட பல்லுக்கு, குறிப்பாகக் குழி விழுந்ததற்கு, வெனீர் மெய்யான மருத்துவம்தான். அதை அழகுச் செலவு என்று கேலி செய்வது கொடுமை.

புளோரைடுத் தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகும், புளோரைடு பாத்திரத்திலேயே தங்கும், அவ்வளவுதான். எந்த ஊராக இருந்தாலும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது.

பல் பழுப்பாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. பிள்ளைப் பருவத்தில் கொடுத்த டெட்ராசைக்ளின் மாத்திரை பல்லுக்குள்ளேயே சாம்பல் நிறத்தை ஏற்றிவிடும். அடிபட்ட ஒற்றைப் பல் கறுத்துப்போகும். செங்கல்பொடியும் உமிக்கரியும் வைத்து அழுத்தித் தேய்த்தவர்களுக்குப் பற்சிப்பி தேய்ந்து உள்ளிருக்கும் மஞ்சள் வெளியே தெரியும். வெள்ளையாக்க வேண்டும் என்று தேய்க்கத் தேய்க்க மஞ்சளாகும் வேடிக்கை இது. டீக் கறையும் வெற்றிலைக் கறையும் மேலோடு படிவதுதான். ஒருமுறை பல்லைச் சுத்தம் செய்தாலே போய்விடும். "சுத்தம் பண்ணினா பல் ஆடிப்போகும்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஆடுகிற பல்லை அதன்மேல் படிந்து இறுகிய காரைதான் பிடித்திருந்தது. அது போனதும் ஆட்டம் தெரிகிறது.

வெற்றிலை என்றதும் ஒரு வார்த்தை. சின்னமனூர் வெற்றிலைக்குப் பேர்போன மாவட்டத்து அக்காவிடம் இதைச் சொல்லத் தயக்கம்தான். வெற்றிலையை விடுங்கள், பாக்குதான் சிக்கல். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு தெரிகிறது என்றால், பல்லின் நிறத்தைப் பற்றிய யோசனையை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள்.

சரி, அந்த அக்காவின் மகளுக்கு என்ன வழி? நண்பர் சொன்ன வரிசை எனக்குப் பிடித்திருந்தது. முதலில் சுத்தம். போகாவிட்டால் மருந்து வைத்து வெளுப்பது. மேலாகத் தெரியும் பழுப்புத் திட்டு என்றால், அமிலக் கலவையால் மிக மெல்லிய அளவு உரசி எடுப்பது. உடைந்த நுனிக்குக் கம்போசிட் வைத்துக் கட்டுவது. இதற்குப் பெரும்பாலும் ராவ வேண்டியதே இல்லை. இவை எதற்கும் அடங்காத பல்லுக்கு மட்டும் பீங்கான் சில்லு. வெளுப்பதாக இருந்தால் சில்லு ஒட்டும் முன்பே வெளுத்துவிட வேண்டும், ஏனென்றால் பீங்கானை வெளுக்க முடியாது.

ஏலக்காய் வியாபாரிகளுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை. போடியில் காயைப் பார்க்கிறவர் பச்சை நிறத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. எத்தனை எம்எம் என்று சலித்துப் பார்ப்பார், லிட்டருக்கு எவ்வளவு எடை என்று நிறுத்துப் பார்ப்பார். பல் விஷயத்தில் மட்டும் நாம் நிறத்தைப் பார்த்து விலை பேசுகிறோம். "என் பல்லில் எவ்வளவு ராவுவீர்கள்? ராவாமல் வேறு வழி இல்லையா? உடைந்தால் என்ன செய்வீர்கள்?" இந்த மூன்றையும் கேளுங்கள். கேள்வி பிடிக்காதவரிடம் வாயைத் திறக்காதீர்கள். முறையாகப் பதிவு பெற்ற பல் மருத்துவர்தானா என்றும் பாருங்கள். அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிற கையோடு செய்துகொள்கிற வேலை இல்லை இது.

கிரவுன் விஷயத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? பிரிட்டனிலிருந்து மலிவு என்று துருக்கிக்குப் பறந்துபோய்ப் பல் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வெனீர் என்று நினைத்துப் போய், நல்ல பல்லைச் சுற்றிலும் ராவி முளைக்குச்சி போல் ஆக்கி, கிரவுன் மாட்டிக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. பின்னாளில் வலியும் சீழுமாக அவதிப்படுகிறவர்களைப் பார்த்து பிரிட்டன் பல் மருத்துவர் சங்கமே எச்சரித்தது. பெயரை மட்டும் கேட்டுத் தலையாட்டினால் நம் ஊரிலும் அது நடக்கும்.

கடைசியாக என் சொந்த அபிப்பிராயம், பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள். கழிவறைப் பீங்கான் வெள்ளையில் ஒரே அளவாக நிற்கும் பல் வரிசை எனக்குப் பிடிப்பதில்லை. மனிதப் பல் இயல்பிலேயே லேசான மஞ்சள் சாயல் கொண்டது. தெத்துப்பல்லுக்கு மயங்கிய ஊர் இது. அந்தப் பல்லை எல்லாம் நேராக்கிவிட்டால் ஒருவர் சிரிப்புக்கும் இன்னொருவர் சிரிப்புக்கும் என்ன வித்தியாசம்?

அக்காவின் மகள் போன வாரம் மருத்துவரைப் பார்த்துவிட்டாள். சுத்தம் செய்து, திட்டை உரசி எடுத்து, உடைந்த நுனியைக் கம்போசிட் வைத்துக் கட்டினால் போதும் என்றாராம். பீங்கான் இப்போதைக்கு வேண்டாம். அக்கா மலையிலிருந்து திரும்பி ஜீப்பை விட்டு இறங்கியதும் போன் செய்தார். குரலில் நிம்மதிதான், ஆனால் ஒரு சந்தேகம்.

"பொங்கலுக்குக் கரும்பு கடிக்கலாமாண்ணே?"

"கத்தியால சீவி, துண்டு போட்டுக் கொடுங்க. முன்பல்லுல கடிக்க வேணாம், கடைவாயில வச்சு மெல்லட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படித் தின்னா அது கரும்பு தின்ன மாதிரியே இருக்காதேண்ணே" என்றார். அவர் சிரிப்பது கேட்டது. கை எங்கே இருந்ததோ, தெரியவில்லை.